பக்கத்து சீட்டில் பெரிய உடம்பு: இரண்டு டிக்கெட் எடுக்கச் சொல்வது சரியா?

வாசகர் கேள்வி
7 செப்டம்பர் 2025, மாலை 6.30

நேற்று திருச்சியிலிருந்து மதுரைக்குப் போனேன். மூன்று பேர் சீட்டில் நான் ஜன்னலோரம், நடுவில் ஒரு பெரியவர், ஓரத்தில் உடல் பருத்த ஒருவர். விராலிமலை தாண்டுவதற்குள் ஜன்னல் கம்பி என் தோளில் பதிந்துவிட்டது. இறங்கும் வரை அப்படியேதான் வந்தேன். டிக்கெட் எல்லாருக்கும் ஒரே விலை. வெளிநாட்டில் இப்படிப்பட்டவர்கள் இரண்டு டிக்கெட் எடுக்க வேண்டுமாம். இங்கேயும் அப்படிச் சொன்னால் என்ன தவறு? யாரையும் புண்படுத்த இல்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

7 செப்டம்பர், இரவு 10.15

அந்த ஓரத்து ஆளின் உடம்புதான் எனக்கும். 104 கிலோ. குளித்தலையிலிருந்து திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்துக்கு 19 வருடமாகத் தினமும் போய் வருகிறேன். போக ஒன்றேகால் மணி நேரம், வர ஒன்றேகால், பேட்டைவாய்த்தலையிலும் ஜீயபுரத்திலும் கூட்டம் ஏறினால் இன்னும் கூடும். அதனால் பதில் சொல்கிறேன்.

உங்கள் தோள் நசுங்கியது உண்மை, அதை நான் இல்லை என்று சொல்லவே இல்லை. ஆனால் ஓரத்தில் இருந்தவர் எப்படி உட்கார்ந்திருந்தார் என்று பார்த்தீர்களா? அந்த இடத்தை அவர் தற்செயலாகப் பிடித்திருக்க மாட்டார். எங்களைப் போன்றவர்கள் வண்டியில் ஏறும்போதே ஓரத்தைத்தான் தேடுவோம். பாதி உடம்பு சீட்டில் இருக்கும், மீதி நடைபாதைப் பக்கம் அந்தரத்தில் இருக்கும். ஒரு காலை நடைபாதையில் ஊன்றி, முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எடையில் பாதியை அந்தக் காலில் தாங்கிக்கொண்டே வருவோம். சீட்டின் ஓர இரும்பு தொடையில் கோடு போட்டுவிடும். இறங்குகிறவர், ஏறுகிறவர், கண்டக்டர், முறுக்கு விற்கிற பையன், எல்லாரும் தோளில் இடித்துக்கொண்டுதான் போவார்கள். திருச்சியில் இறங்கும்போது அந்தக் கால் மரத்துப் போயிருக்கும், இரண்டு நிமிடம் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுத்தான் நடப்பேன். இவ்வளவும் எதற்கு? நடுவில் இருக்கிறவருக்கு இடம் விடுவதற்கு. நீங்கள் ஜன்னலில் நசுங்கிய நேரம் முழுவதும் அவரும் தன் உடம்பை ஒடுக்கிக்கொண்டேதான் வந்திருப்பார், அதை நான் உறுதியாகச் சொல்வேன்.

இன்னொன்று. அவரிடம் வாயைத் திறந்து ஏதாவது கேட்டீர்களா? "அண்ணே, தோள் இடிக்குது, சித்த முன்னால நகந்து உக்காருறீங்களா" என்று கேட்டிருந்தால் மறுத்திருப்பாரா?

7 செப்டம்பர், இரவு 10.40

மேலே எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. நான் யாரையும் உடம்பைச் சொல்லிப் பேசியது கிடையாது, அதனால்தான் இவ்வளவு தைரியமாக எழுதுகிறேன்.

9 செப்டம்பர், காலை 8.50

பேருந்தில் வந்துகொண்டே எழுதுகிறேன். இன்று பக்கத்தில் ஸ்ரீரங்கத்துக்குப் பூ கொண்டு போகிற அம்மா. இந்த விவாதத்தைச் சொன்னேன். வண்டி கிளம்புவதற்கு முன் தன் கையாலேயே மூன்று பேர் சீட்டை முழம் போட்டுக் காட்டினார். மூன்று முழம் வரவில்லை, இரண்டே முக்கால்தான். பூ அளக்கிற முழம், அது கொஞ்சம் குட்டையாகத்தான் இருக்கும். ஆக ஆளுக்கு ஒரு முழம் கூட இல்லை. கட்டுமஸ்தான எந்த ஆம்பளைக்கும் தோள் அகலம் இதைவிடக் கூடுதல். மூன்று சராசரி ஆட்களே தோளோடு தோள் சேர்ந்து அடங்காத சீட்டு அது. 104 கிலோ ஆள் வந்து உட்கார்ந்ததும்தான் குறை கண்ணில் படுகிறது, குறை முன்பே அங்கே இருக்கிறது.

"இடத்தைக் கொறச்சு வச்சவன விட்டுட்டு ஒக்காந்தவளப் போயி பேசுறாக" என்றார் அந்த அம்மா. அவர் காலுக்குக் கீழே இரண்டு பூக்கூடை, மடியில் ஒன்று. அவருக்குத் தெரியாததா.

9 செப்டம்பர், இரவு 9.30

இரண்டு டிக்கெட் விஷயத்துக்கு வருகிறேன், அதைத்தான் நீங்கள் கேட்டீர்கள்.

நான் இரண்டு டிக்கெட்டுக்குக் காசு கொடுத்திருக்கிறேன். நான்கு வருடம் முன்னால், ஊர் பெயர் வேண்டாம், ஷேர் ஆட்டோவில் ஏறப் போனபோது ஓட்டுநர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அக்கா, ரெண்டு ஆள் இடம் புடிப்பீங்க, ரெண்டு பேர் காசு குடுத்தா ஏறுங்க" என்றார். ஏற்கெனவே உட்கார்ந்திருந்த ஐந்து பேரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது, மகளை டியூஷனிலிருந்து கூட்டி வர வேண்டும், அவமானத்தை விழுங்கிக்கொண்டு சரி என்றேன். அடுத்த நிறுத்தத்திலேயே இன்னும் இரண்டு பேரை ஏற்றி, "சித்த ஒதுங்கிக்குங்க அக்கா" என்றார். காசு இரண்டு பேருக்கு வாங்கியாயிற்று, இடம் ஒருவருக்குக் கூட இல்லை.

பேருந்திலும் இதுதான் நடக்கும். நான் இரண்டு டிக்கெட் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், பேட்டைவாய்த்தலையில் மூட்டு வலியோடு ஓர் ஆயா ஏறி என் பக்கத்தில் நிற்கிறார் என்று வையுங்கள். "இந்த இடத்துக்கு நான் காசு குடுத்திருக்கேன், நில்லுங்க ஆயா" என்று என்னால் சொல்ல முடியுமா? சொன்னால் நீங்களே என்னைப் பற்றித் தனியாக ஒரு கேள்வி எழுதுவீர்கள். முன்பதிவு செய்து, எண் போட்ட சீட்டில் போகிற வண்டியில் வேண்டுமானால் இரண்டு சீட் என்பதற்கு அர்த்தம் உண்டு. நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஆள் ஏறி இறங்கும் வண்டியில் அது நடக்காது.

வெளிநாடு என்றீர்கள். என் தம்பி டொராண்டோவில் இருக்கிறான், அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கனடாவின் போக்குவரத்து முகமை 2008 ஜனவரியில், ஒருவருக்கு ஒரே கட்டணம்தான் என்று தீர்ப்புச் சொன்னது. உள்நாட்டு விமானத்தில் பருமன் காரணமாகக் கூடுதல் இருக்கை தேவைப்படுகிறவரிடம் அதற்குத் தனிக் காசு வாங்கக் கூடாது. விமான நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போனபோது அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் அதே வருடம் நவம்பரில் அதை எடுக்கவே மறுத்துவிட்டது. ஆக வெளிநாடு என்றாலே இரண்டு டிக்கெட் என்று பொதுவாகச் சொல்ல முடியாது.

12 செப்டம்பர், இரவு 8.05

"சரி, கூட்டத்தில் எப்படித்தான் உட்காருவது, அதைச் சொல்லுங்கள்" என்று ஒரு வாசகி கேட்கிறார். நல்ல கேள்வி. இந்தத் தடத்தில் பல வருடம் போகிற பெண்கள் யாரும் சொல்லிக்கொள்ளாமலே செய்வது ஒன்று உண்டு. மூன்று பேரும் முதுகைச் சாய்த்து ஒரே வரிசையாக உட்கார்ந்தால் மூன்று தோளும் முட்டும். நடுவில் இருக்கிறவர் ஒரு சாண் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தால் அவர் தோள் மற்ற இரண்டு பேர் தோளுக்கும் முன்னே போய்விடும், சட்டென்று எல்லாருக்கும் மூச்சு வரும். கொஞ்ச நேரம் கழித்து அவர் பின்னால் சாய்வார், ஓரத்து இருவரும் முன்னே வருவார்கள். குளித்தலையிலிருந்து சத்திரம் வரை இப்படி மூன்று நான்கு தடவை மாறும். வாயால் யாரும் கேட்பதில்லை, ஒருவர் அசைந்தாலே மற்றவருக்குப் புரிந்துவிடும்.

ஆனால் இது தோளுக்குத்தான். இடுப்பு அகலத்துக்கு இது உதவாது, பெண்கள் பலருக்கு அங்கேதான் இடம் போதாது. அதற்குப் பையை எடுங்கள், அவ்வளவுதான். இரண்டு பேருக்கு நடுவே செருகி வைத்த சாப்பாட்டுப் பை, தண்ணீர் பாட்டில், குடை, சுருட்டிய துப்பட்டா, இதெல்லாம் சேர்ந்தால் நான்கு விரல் இடம். மடியில் வைத்துக்கொண்டால் அந்த நான்கு விரல் கிடைத்துவிடும். இடித்துக்கொண்டு போகிறோமே என்று ஒரு மணி நேரம் முகத்தைச் சுளிக்கிறவர் தன் பையை எடுத்து மடியில் வைக்க மாட்டார், இதை வாரத்துக்கு இரண்டு தடவையாவது பார்க்கிறேன்.

அப்புறம் வளைவு. வண்டி திரும்பும்போது என் எடை முழுவதும் பக்கத்தில் இருக்கிறவர் மேல் போகும். ஒல்லியான வயதானவராக இருந்தால் அவருக்கு அது நிஜமாகவே வலிக்கும். அதனால் வளைவு வருகிறது என்று தெரிந்ததும் முன் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துவிடுவேன். பெரிய உடம்பு உள்ளவர்கள் கட்டாயம் செய்ய வேண்டியது இது. தூங்கக் கூடாது என்று இல்லை, ஆனால் ஓரத்தில் உட்கார்ந்து தூங்கினால் கம்பியை விட்டுவிடுவோம், அடுத்த திருப்பத்தில் பக்கத்து ஆள் பாடு கஷ்டம்.

12 செப்டம்பர், இரவு 11.20

தூக்கம் வரவில்லை. செவ்வாய்க்கிழமை எழுதியதில் ஒரு பிழை. கனடா தீர்ப்பைத் தம்பியிடம் மறுபடி கேட்டேன். பருமனாக இருக்கிற எல்லாருக்கும் அது பொருந்தாதாம். பருமனே ஓர் இயலாமை ஆகிவிட்டவர்களுக்கு மட்டும்தான். உட்கார்ந்தால் கொஞ்சம் இடிக்கிறது என்பதெல்லாம் கணக்கில் வராது. அப்படிப் பார்த்தால் எனக்கே அது கிடைத்திருக்காது. நான் எழுதியது எல்லாருக்கும் உரிமை என்பது போலத் தொனித்தது, அதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

13 செப்டம்பர், காலை 6.10

தூக்கம் வராததற்குக் காரணம் கனடா இல்லை.

"நான் யாரையும் உடம்பைச் சொல்லிப் பேசியது கிடையாது" என்று முதல் நாள் எழுதினேன். அது பொய். எழுதும்போது பொய் என்று தோன்றவில்லை, மறந்திருந்தேன், ஆனால் பொய்தான்.

2002-ல் திருச்சியில் கல்லூரிக்கு இதே தடத்தில்தான் போனேன். அப்போது 46 கிலோ இருந்தேன். முசிறிப் பாலத்துப் பக்கமிருந்து ஓர் அக்கா ஏறுவார், நல்ல பெரிய உடம்பு, ஏதோ ஓர் அலுவலகத்தில் வேலை. எப்போதும் ஓரத்தில்தான் உட்காருவார், ஒரு கால் நடைபாதையில். ஒரு நாள் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தபோது என் தாவணி அவருக்கு அடியில் மாட்டிக்கொண்டது. இழுத்தால் வரவில்லை. நான் தோழியைப் பார்த்து, "இவங்களுக்கெல்லாம் ரெண்டு டிக்கெட் குடுக்கணும்டி" என்றேன். மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. எழுந்து, தாவணியை எடுத்து என் மடியில் மடித்து வைத்துவிட்டு, பின்படிக்கட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டார். மறு நாளிலிருந்து சீட் காலியாக இருந்தாலும் உட்கார மாட்டார். இரண்டு வாரம் அப்படி நின்றே வந்தார். அதற்கப்புறம் அந்த வண்டியில் அவரைப் பார்க்கவில்லை, முந்தின வண்டிக்கு மாறியிருப்பார்.

ஏழாம் தேதி உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு வந்த கோபத்தில் பாதி உங்கள் மேல் இல்லை. என்னுடைய அதே வார்த்தையை 23 வருடம் கழித்து நீங்கள் எழுதியிருந்தீர்கள். நீங்களாவது கேள்வியாகக் கேட்டீர்கள்.

14 செப்டம்பர், மதியம் 1.30

நேற்று எழுதியதற்கு ஆறுதல் சொன்ன எல்லாருக்கும்: வேண்டாம். "சின்ன வயசு, விடுங்க" என்பதையும் எடுத்துக்கொள்ள முடியவில்லை. பதினெட்டு வயதைத் தாண்டியவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

17 செப்டம்பர், இரவு 9.50

ஒரு தங்கை எழுதியிருக்கிறார். பக்கத்தில் ஆண் உட்கார்ந்து இடித்தால் அது உடம்பா உள்நோக்கமா என்று எப்படித் தெரிந்துகொள்வது, பெரிய உடம்பு என்று பொறுத்துக்கொள்ளச் சொல்கிறீர்களா என்று கேட்கிறார். இல்லை. ஒரு நாளும் அப்படிச் சொல்ல மாட்டேன்.

உடம்பு பெரிதாக இருப்பவரின் அழுத்தம் ஒரே மாதிரி இருக்கும், வண்டி ஆடினால் கூடும், நின்றால் குறையும். நீங்கள் நகர்ந்தால் அந்த இடத்தைத் தேடிக்கொண்டு பின்னாலேயே வராது. நகர நகரப் பின்தொடர்ந்து வந்தால் அதற்குப் பருமன் காரணம் இல்லை. அந்த இடத்திலேயே சத்தம் போடுங்கள், கண்டக்டரைக் கூப்பிடுங்கள். பருமனான ஆண்கள் பலர் இந்தச் சந்தேகம் வந்துவிடுமோ என்று பயந்து பெண்கள் பக்கத்தில் உட்காருவதே இல்லை, நின்றே வருகிறார்கள், அதையும் பார்த்திருக்கிறேன்.

கால் அகட்டி உட்காருவது முற்றிலும் வேறு விஷயம். அம்பது கிலோ பையன் முழங்காலை இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாகப் போட்டு உட்கார்ந்தால் என்னைவிட அதிக இடம் பிடிப்பான். ஆனால் அவனிடம் யாரும் இரண்டு டிக்கெட் கேட்பதில்லை. நான் நினைத்தாலும் என் உடம்பை வீட்டில் வைத்துவிட்டு வர முடியாது, அவன் நினைத்தால் ஒரு நொடியில் காலைச் சேர்த்துக்கொள்ளலாம். அதனால் அவனிடம் நேரடியாகவே கேட்பேன், "தம்பி, காலச் சேத்துக்க". பெரும்பாலும் உடனே சேர்த்துக்கொள்வார்கள். தான் அப்படி உட்கார்ந்திருப்பதே பலருக்குத் தெரியாது.

21 செப்டம்பர், காலை 11.00

ரயிலைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார், ஆர்ஏசி, அதாவது முழுப் படுக்கை உறுதியாகாமல் உட்கார மட்டும் இடம் கிடைக்கிற டிக்கெட். பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கையில் இரண்டு அந்நியர்கள் எதிரெதிரே உட்கார்ந்து போக வேண்டும், இரண்டு சாய்வுப் பலகையையும் மடக்கிப் போட்டால்தான் அது படுக்கை ஆகும். யாராவது ரத்து செய்து இடம் கிடைத்தால் ஒழிய இரவு முழுவதும் அப்படித்தான்.

எனக்கு அது ஒரு தடவை மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் வாய்த்தது. எதிரே ஒல்லியான ஒரு கல்லூரிப் பெண். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது எனக்குத் தெரிந்தது, அதற்காக அவளைத் தப்புச் சொல்ல மாட்டேன், இரவு அவளுக்கும்தானே. நானே பேச்சை எடுத்தேன். "பாப்பா, ரெண்டு பேரும் ஒண்ணாப் படுக்க முடியாது. விழுப்புரம் வரைக்கும் நீ படுத்துக்க, நான் கால்மாட்டுல உக்காந்துக்கறேன். விழுப்புரத்துல எழுப்புறேன், அப்புறம் நான் படுக்கறேன்." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அரியலூர் வருவதற்குள் தூங்கிவிட்டாள். விழுப்புரத்தில் எழுப்ப மனசு வரவில்லை, இருந்தாலும் எழுப்பினேன். சொன்ன சொல் என்று ஒன்று இருக்கிறதே, நான் எழுப்பாமல் விட்டிருந்தால் காலையில் அவளுக்குத்தான் சங்கடம். செங்கல்பட்டு வரை நன்றாகத் தூங்கினேன். எப்போது யார், எவ்வளவு நேரம் என்று முதலிலேயே பேசிவிட்டால் இரண்டு பேருக்கும் நிம்மதி. பேசாமல் விட்டால் ஒருவர் காலை ஒருவர் நெட்டித் தள்ளிக்கொண்டே விடியும்.

நடுப்படுக்கைக்கு விதி இருக்கிறது, இரவு 10 முதல் காலை 6 வரைதான் விரிக்கலாம், மற்ற நேரம் மடக்கிக் கீழே உட்காருகிறவர்களுக்கு இடம் விட வேண்டும். ஆனால் உடம்பு முடியாதவர், மாற்றுத் திறனாளி, கர்ப்பிணி என்றால் அந்த நேரத்தைத் தாண்டியும் படுத்திருக்க விடுங்கள் என்று 2017-ல் ரயில்வே வாரியம் சுற்றறிக்கையிலேயே கேட்டுக்கொண்டது. நடுப்படுக்கை கிடைத்தால் என்னால் ஏறவே முடியாது. கீழ்ப்படுக்கைக்காரரிடம் மாற்றிக்கொள்ளக் கேட்பேன். இதுவரை கேட்டதில் ஒருவர்தான் முடியாது என்றார், அவருக்கு முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது.

25 செப்டம்பர், இரவு 8.40

உயரமானவர்களை மறந்துவிட்டீர்கள் என்று ஒருவர் சண்டைக்கு வந்திருக்கிறார். ஆறடி இரண்டு அங்குலமாம், முன் சீட்டு இரும்பில் முட்டி இடித்து இரண்டு முட்டியிலும் தழும்பாம். சரிதான், எனக்குத் தோன்றவே இல்லை. முன்னால் இருக்கிறவர் சாய்வு சீட்டைச் சட்டென்று பின்னால் தள்ளினால் என்ன ஆகும் என்று எழுதியிருந்தார், படிக்கும்போதே வலித்தது. சாய்க்கும் முன் ஒரு தடவை திரும்பிப் பாருங்கள்.

குள்ளமானவர்களுக்கும் கஷ்டம் உண்டு. என் மாமியார் நாலடி எட்டு அங்குலம். சக்கரத்துக்கு மேல் வரும் சீட்டைத் தவிர வேறு எதில் உட்கார்ந்தாலும் கால் தரையைத் தொடாது. அரை மணி நேரத்தில் பாதம் வீங்கிவிடும், பிரேக் அடித்தால் ஊன்ற எதுவும் இல்லாமல் முன்னே சரிந்துவிடுவார். மற்றவர்கள் முட்டி இடிக்கிறது என்று வெறுக்கிற அந்தச் சக்கரத்து சீட்டைத்தான் அவர் தேடுவார். உயரமானவர் அங்கே மாட்டிக்கொண்டு, என் மாமியார் வேறு சீட்டில் கால் தொங்க உட்கார்ந்திருந்தால், இரண்டு பேரும் மாறிக்கொண்டாலே போதும். யாராவது கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

28 செப்டம்பர், மாலை 5.15

இன்று மனசு கனமாக இருக்கிறது. கும்பகோணம் போய்விட்டு வந்தேன். முன் சீட்டில் யானைக்கால் உள்ள ஒரு தாத்தா. இரண்டு பேர் சீட்டில் அவர் மட்டும், காலை மடக்க முடியாமல் நீட்டி வைத்திருந்தார். வண்டியில் பதினைந்து பேராவது நின்றோம். அவர் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை. அவரும் "உக்காருங்க" என்று யாரையும் கூப்பிடவில்லை, ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அது தொட்டால் ஒட்டாது. கொசு கடித்துப் பரவுகிற நோய், ஒரு காலத்தில் கும்பகோணம் பக்கம் மிகவும் அதிகம், அந்தத் தலைமுறையில் மிச்சம் இருப்பவர்கள் இவரைப் போன்றவர்கள். என் உடம்புக்கு அவர் பக்கத்தில் இடம் போதாது என்று நானே முதலில் நின்றேன், அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். பாபநாசம் வந்ததும் போய், "தாத்தா, நானும் பெரிய ஆளுதான், இடிச்சா சொல்லுங்க" என்று உட்கார்ந்தேன். அவர் தன் காலைக் கையால் தூக்கி ஜன்னல் பக்கம் நகர்த்தி வைத்தார். தஞ்சாவூர் வரை அவர் பேரன் பேத்திகளைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தோம். பாபநாசம் வரை ஏன் நின்றேன் என்பதற்கு எனக்கு நல்ல பதில் இல்லை.

2 அக்டோபர், காலை 10.30

பேருந்து, ரயிலை விட எனக்குப் பயம் ஆஸ்பத்திரிக் காத்திருப்பு அறைதான். மூன்று மூன்றாகப் பொருத்திய இரும்பு நாற்காலி, நடுவில் நகராத கைப்பிடி. பேருந்து சீட்டில் அட்ஜஸ்ட் பண்ண வழி உண்டு, அந்தக் கைப்பிடியோடு என்ன அட்ஜஸ்ட் பண்ணுவது? மண்டபங்களில் கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலியும் அப்படியே, எழுந்தால் நாற்காலியும் கூடவே வரும். உங்கள் வீட்டு விசேஷத்துக்கு நாற்காலி வாடகைக்குச் சொல்லும்போது கை இல்லாதது ஒரு இருபதாவது சொல்லுங்கள். பந்தியிலும் ஓரத்தில் ஒரு இலை பெரிய ஆட்களுக்கு என்று விட்டு வைத்தால் இன்னும் நல்லது. என் அக்கா மகள் கல்யாணத்தில் செய்தோம், அத்தை ஒருத்தர் பல வருடம் கழித்து அன்றுதான் நிம்மதியாகச் சாப்பிட்டேன் என்றார்.

5 அக்டோபர், இரவு 9.15

கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார், சந்தோஷம். போன வாரம் நகரப் பேருந்தில் போனபோது, பக்கத்தில் உட்கார்ந்த பெரிய உடம்புக்காரரிடம் தானே "நான் முன்னால வரேன், நீங்க சாஞ்சுக்குங்க" என்று சொன்னாராம், பிரச்சினையே இல்லையாம். ஆனால் கட்டணமில்லாப் பேருந்தில் ஒரு பாட்டி மூன்று பேர் சீட்டின் நுனியில் பாதி உட்கார்ந்து வந்ததையும், தள்ளி உட்காரச் சொன்னதற்கு "காசா குடுத்தேன், இது போதும் சாமி" என்றதையும் எழுதியிருக்கிறார். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் டிக்கெட் உண்டு, கண்டக்டர் கிழித்துக் கொடுக்கிறார். பாட்டியின் இடம் முழு இடம். இதை அவரிடம் பக்கத்தில் இருக்கிறவர்கள் சொல்ல வேண்டும், அவராகக் கேட்க மாட்டார்.

மும்பையில் இருக்கும் நாத்தனார் ஒன்று சொன்னாள். அங்கே புறநகர் ரயிலில் மூன்று பேர் பெஞ்சில் நான்காவது ஆள் உட்காருவது வழக்கமே. நிற்கிறவர் வந்து கையைக் காட்டினால் மூன்று பேரும் நகர்ந்து ஓரத்தில் பாதி இடம் விடுவார்களாம். நல்ல வழக்கம் என்றுதான் முதலில் தோன்றியது. யோசித்துப் பார்த்துவிட்டு, அந்த பெஞ்சில் என்னைப் போன்ற ஒருத்தி மூன்றாவதாக உட்கார்ந்திருந்தால் நான்காமவர் என்ன செய்வார் என்று கேட்டேன். "அடுத்த பெஞ்சுக்குப் போயிருவாங்க அண்ணி, ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, மொறைக்கவும் மாட்டாங்க" என்றாள்.

16 அக்டோபர், இரவு 10.05

தீபாவளிக்கு அப்பாவைச் சென்னையிலிருந்து ஊருக்குக் கூட்டிப் போகிறேன், 120 கிலோ, சர்க்கரை உண்டு, எந்த சீட் எடுப்பது என்று கேட்ட தம்பிக்கு. முதலில் ஓரம் என்று சொல்லியிருந்தேன், அதை மாற்றிக்கொள்கிறேன். அது என் ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சரி. ராத்திரி முழுவதும் என்றால் ஓரத்தில் கால் ஊன்ற முடியாது, தூங்கினால் சரிவார், போகிற வருகிற பை எல்லாம் தோளில் இடிக்கும். இரண்டுக்கு இரண்டு வண்டியில் ஜன்னலோரம் அப்பா, பக்கத்தில் நீங்கள். நடுக் கைப்பிடி மேலே மடங்குமா என்று ஏறியதும் பாருங்கள். அவர் பக்கம் இடித்தால் உங்களைத்தான் இடிக்கும், அதனால் அப்பாவுக்கும் நிம்மதி, ராத்திரி முழுவதும் "மன்னிச்சுக்குங்க" சொல்லிக்கொண்டே வர வேண்டாம். சக்கரத்துக்கு மேல் உள்ள சீட்டும் கடைசி வரிசையும் வேண்டாம். சர்க்கரை என்கிறீர்கள், கால் வீங்கும், வண்டி நிற்கிற இடத்தில் எல்லாம் இறக்கி நடக்க வையுங்கள். இறங்கும்போது எல்லாரும் இறங்கின பிறகு இறங்குங்கள், அவசரப்படுத்தாதீர்கள். தண்ணீர் பாட்டிலை உங்கள் மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.